மருதமரமும் பட்டாளத்து விஞ்சும்

சுயம்புலிங்கத்துக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். கோபம் எல்லாருக்கும்தான் இருக்கிறது. இவரைக் கெடுத்தது கோபமல்ல, வாய். இல்லாவிட்டால் மாமனார் வீட்டு விருந்தில் பருப்பும் நெய்யும் விட்டுப் பப்படத்தைப் பொடித்துப் பிசைந்துகொண்டிருந்த மனிதர், நாலு பேர் கேட்க, "அந்த மரத்த நம்ம லாரி இழுத்துப் போடும்" என்று சொல்லுவாரா?

மரம் என்றால் சாதாரண மரமா? சானல் என்கிற பாசனக் கால்வாயின் கரையில் நின்ற பெரிய மருதமரம். சித்திரைக் காற்றில் வேரோடு பெயர்ந்து, மதகின் இரண்டு கல்தூண்களுக்கும் நடுவே ஆப்பு அடித்ததுபோலச் சொருகிக்கொண்டது. கிளைகளை அறுப்புக்காரர்கள் அறுத்துப் போனார்கள். அடிமரம் பாதிக்குமேல் சேற்றில் புதைந்து கிடந்ததால் ரம்பம் போட இடமில்லை. நாலு ஜோடிக் காளைகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். காளைகளுக்கு நுரை தள்ளியதுதான் மிச்சம். இடவ மாதம், அதாவது வைகாசி, பாதியில் பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் வரும்போது மரம் அங்கேயே கிடந்தால் கரை உடைந்து, நாற்றங்கால் முழுக்க மண்மூடிப் போகும். கொட்டாரத்துக்கு வடக்கே இருந்த அந்த ஊருக்குக் கன்னிப்பூ என்கிற முதல்போக விளைச்சல் அவ்வளவுதான்.

மாமனார் முத்துக்குமாரசாமி இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "மாப்பிளே, அப்பன் வச்சுட்டுப் போன வயல வித்து வண்டி வாங்கினேரு. மூணு வருசமா வைக்கோலும் ஓடும் சுமக்குதேரு. செரி. மரம் வேற இழுக்கப் போறேராக்கும்?" என்றார்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. சுயம்புலிங்கம் எச்சில் கையைத் தூக்கினார். "அணைத் தண்ணி வந்து நம்ம கரைய உடைக்கதுக்குள்ள மரம் கரையேறல்லேன்னா, வண்டிய வித்துப்போட்டு ஒங்க காளைக்குப் பின்னால ஏர் பிடிக்க வாரேன் மாமா. தாணுமாலயன் மேல ஆணை."

சுசீந்திரத்துச் சாமியின் பெயரைச் சொல்லியாகிவிட்டது, இனி எங்கே திரும்புவது? அடுக்களை வாசலில் நின்ற மனைவி வடிவாம்பாளைப் பார்த்தார். அவள் சாம்பார்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவளுக்கும் லாரி போனால் சந்தோஷம்தான், அப்பனுக்கேற்ற மகள் என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் அவள் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

வாய்ச்சவடால் மட்டுமே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சுயம்புலிங்கத்தின் மனதில் ஒரு கணக்கு இருந்தது. தக்கலையில் பட்டறை வைத்திருந்த குமாரதாஸ், யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துப் போட்ட லாரி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். அதன் எஞ்சின் துருப்பிடித்துப் போயிருந்தது. ஆனால் முன்பக்கத்தில் ஒரு விஞ்சு இருந்தது. இரும்பு உருளை, அதில் சுற்றிய கம்பிவடம். எஞ்சினின் சக்தியைக் கியர்பாக்ஸிலிருந்து ஒரு தண்டு வழியாக வாங்கி அந்த உருளை சுழலும். சேற்றில் புதைந்த பீரங்கியையே இழுத்து எடுத்த சாமான். "அண்ணாச்சி, இது மட்டும் புதுசு போல இருக்கு" என்று குமாரதாஸ் அதைத் தட்டிக் காட்டியிருந்தார்.

விருந்து முடிந்த மறுநாளே சுயம்புலிங்கம் லாரியோடு தக்கலையில் போய் நின்றார். வேலியிலே போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவருடையது யுத்தத்துக்கு முந்தின லாரி. பட்டாள லாரியில் சக்தி எடுக்கிற ஜன்னல் கியர்பாக்ஸின் ஒரு பக்கம் இருந்தால், இதில் மறுபக்கம் இருந்தது. அளவும் சின்னது. குமாரதாஸ் இரும்புத் தகட்டை அராவி அராவிப் புது மூடி செய்தார். சுழற்சி தலைகீழாகிவிடக் கூடாதே என்று நடுவில் ஒரு பல்சக்கரம் கூடுதலாக வைத்தார். பழைய தண்டு ஒன்றை அளந்து வெட்டி, விஞ்சை ரேடியேட்டருக்கு முன்னால் சட்டத்தில் தொங்கவிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் தடித்த பம்பரை மாட்டினார். பம்பரின் நடுவே இருந்த துவாரம் வழியாகக் கம்பிவடத்தின் கொக்கி மட்டும் வெளியே தலைநீட்டியது. அவ்வளவும் முடிந்து, பட்டறையில் கிடந்த ஒரு செத்த லாரியை இழுத்துப் பார்த்தபோது, அது ஆட்டுக்குட்டிபோலப் பின்னால் வந்தது.

"முன்னால தள்ளினா இழுக்கும், பின்னால தள்ளினா விடும்" என்று குமாரதாஸ் லீவரைத் தொட்டுக் காட்டினார். "கிளட்ச்ச மிதிச்சா நின்ன எடத்துல நிக்கும். பிரேக்கு தானாப் பிடிச்சுக்கிடும். இத மட்டும் மறந்துராதுங்க, கேட்டியளா?"

மறப்பதா! ஊருக்குத் திரும்பி, வீட்டு வாசலில் லாரியை நிறுத்திய கையோடு வடிவாம்பாளைக் கூப்பிட்டார். விஞ்சிலிருந்த சின்னப் பிடியை விடுவித்து உருளையைத் தளர்த்தி, கம்பிவடத்தைக் கையாலேயே கொல்லைவரை இழுத்துக்கொண்டு போய், ஆட்டுரலில் மாட்டினார். லீவரை முன்னால் தள்ளினார். உரல் மண்ணைக் கீறிக்கொண்டு வீட்டின் பக்கச் சந்து வழியே வாசலுக்கு வந்தது. தெருவே சிரித்தது. வடிவாம்பாள் நடைப்படியில் நின்று உரலைப் பார்க்காமல் உருளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனி மாவாட்டணும்னா நான் தெருவுக்கு வரணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

மறுநாள் பெட்ரோல் பெர்மிட் விஷயமாகச் சுயம்புலிங்கம் பஸ் ஏறி நாகர்கோவில் போனார். சாயங்காலம் திரும்பியபோது லாரியின் நெற்றியில் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம், பம்பரில் அரளிமாலை. அட, ஊர்க்காரர்கள் பூசை போட்டிருக்கிறார்கள்! ஊரே நம் பக்கம்தான் என்று அவருக்கு மனசு குளிர்ந்து போயிற்று. யார் போட்டார்கள் என்று விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை.

நல்ல நாள் பார்த்து லாரியைச் சானல் கரையில் மதகுக்கு எதிரே நிறுத்தினார்கள். பின்பக்கத்தைச் சங்கிலி போட்டு ஒரு பனையோடு கட்டினார்கள். லாரிக்கு இடப்பக்கம் பூவரசுகளின் நிழல். ஊர் முழுக்க அங்கே கூடிவிட்டது. வலப்பக்கம் வெயில், முள்வேலி, ஒரு ஆள் போகிற அகலம். அங்கே எவன் நிற்பான்? பக்கத்து வீட்டுத் தாணப்பன் சேற்றில் இறங்கி மரத்தைச் சுற்றிச் சங்கிலி போட்டு, கொக்கியை மாட்டினான். குமாரதாஸ் இதற்கென்றே தக்கலையிலிருந்து வந்து, மிதிப்படியில் ஏறி நின்றார்.

சுயம்புலிங்கம் குலதெய்வத்தை நினைத்து லீவரை முன்னால் தள்ளினார். கம்பிவடம் தொளதொளவென்று தொங்கிச் சேற்றில் விழுந்தது.

"என்னவே, விஞ்சு மரத்துக்குக் கயிறு விடுது! கன்னுக்குட்டியா மேய விடுதேரு?" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

"பின்னால தள்ளிப் பாருங்க" என்றார் குமாரதாஸ். அவர் முகம் வெளிறியிருந்தது. பின்னால் தள்ளியதும் கம்பி விறைத்தது. மரம் முனகிக்கொண்டு சேற்றிலிருந்து கொஞ்சம் நகர்ந்தது. ஊர் ஓவென்று கத்தியது. மரம் திரும்பச் சரியாமல் இருக்க ஆப்பு வைப்பதற்காகத் தாணப்பன் குனிந்தான். சுயம்புலிங்கம் கிளட்ச்சை மிதித்தார். நின்ற இடத்தில் நிற்க வேண்டிய மரம் நிற்கவில்லை. கம்பியை இழுத்துக்கொண்டு வந்த வழியே சரிந்தது. தாணப்பன் ஒரே சாட்டமாகச் சாடி ஒதுங்கினான். அவன் தோளில் கிடந்த துண்டு மரத்துக்கும் கல்தூணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

துண்டு போயிற்று, ஆள் பிழைத்தான். ஆனால் அந்தத் துண்டைப் பார்த்த பிறகு ஊரில் ஒருவரும் மரத்துப் பக்கம் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

அன்றைக்குப் பிடித்தது சுயம்புலிங்கத்துக்குக் குழப்பம். தக்கலையில் முன்னால் தள்ளினால் இழுத்தது. தன் வீட்டு வாசலிலும் முன்னால் தள்ளித்தான் உரலை இழுத்தார். தள்ளினாரா? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் கை முன்னாலும் போகிறது, பின்னாலும் போகிறது. இட்லிக்குச் சட்னியை ஊற்றுவதற்குப் பதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். கொட்டாரத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி, எதிர்த் திசையில் பாதி தூரம் நடந்தார். கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம், "அண்ணைக்கு உரல இழுத்தப்போ நீரு நின்னேருல்லா? நான் முன்னால தள்ளினேனா, பின்னால தள்ளினேனா?" என்று கேட்டார். பாதிப் பேர் முன்னால் என்றார்கள், பாதிப் பேர் பின்னால் என்றார்கள். உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை, உரலைத்தான் பார்த்திருந்தார்கள்.

குமாரதாஸ் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து லாரிக்கு அடியில் குடியிருந்தார். அவருக்குத் தான் புதிதாக வைத்த நடுச்சக்கரத்தின் மேல்தான் சந்தேகம். கழற்றினார், எண்ணினார், மாட்டினார். பல் சரியாக இருந்தது. தண்டு சரியாக இருந்தது. பிரேக்கைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினார். அதுவும் சரியாக இருந்தது. நெல்மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியை மேட்டில் இழுத்து நிறுத்திப் பார்த்தார்கள். அசையாமல் பிடித்துக்கொண்டது. மரத்தை இழுத்தால் மட்டும் விட்டுவிடுகிறது. சின்னதைப் பிடிப்பேன், பெரியதை விடுவேன் என்று ஒரு பிரேக்கு உண்டா உலகத்தில்?

சாயாக்கடையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் மிஷின் மட்டும் நம்ம சொல்லைக் கேட்குமா என்றார் ஒருவர். மருதமரத்தில் மாடன் இருக்கிறது, கோழி கேட்கிறது என்றார் இன்னொருவர். கோழியும் அறுத்துப் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மாமனார் அந்த வாய்களுக்கு நடுவே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அணையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் நாலு ஊர் மேலே வந்துவிட்டதென்றும், பொழுது சாயும் முன்னே மதகுக்கு வந்துவிடும் என்றும் சைக்கிளில் வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். ஊர் மறுபடியும் பூவரசு நிழலில் கூடியது. முத்துக்குமாரசாமி குடையை விரித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

"மாப்பிளே, காளை ரெண்டும் கொழுத்துப் போய் நிக்கு. நாளைக்குக் காலம்பற வாரும்" என்றார். கேலிகூட இல்லை அந்தக் குரலில். அதுதான் இன்னும் சுட்டது.

சுயம்புலிங்கம் குமாரதாஸிடம் திரும்பினார். "ஏலே தாசு, உள்ளதச் சொல்லு. நீ எதையாவது மாத்தி வச்சுப்போட்டு எங்கிட்ட மறைக்கியா?"

குமாரதாஸுக்குச் சுருக்கென்றது. "அண்ணாச்சி, எனக்க தொழில்ல நான் பொய் சொன்னதில்ல. ஒங்க ஊருக்கு வந்தப்பறம் இந்தச் சாமானுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. எனக்கும் பிடிச்சிரும் போல இருக்கு." சொல்லிக்கொண்டே அவர் கோபத்தோடு பம்பருக்கு அடியில் புகுந்தார். இத்தனை நாளும் கியர்பாக்ஸுக்கு அடியிலேயே கிடந்தவர், முதல் தடவையாக உருளைக்குக் கீழே தலையைக் கொடுத்து, கையை மேலே விட்டுத் தடவினார்.

"அண்ணாச்சி" என்றார் உள்ளிருந்து. "இந்தக் கம்பி உருளைக்கு மேலகூடியாக்கும் வருது."

"வந்தா என்ன?"

"நான் கீழகூடியாக்கும் சுத்தி வச்சேன்." குமாரதாஸ் முகமெல்லாம் கிரீஸாக வெளியே வந்தார். "மேலகூடிச் சுத்தினா எல்லாம் தலைகீழு. முன்னால தள்ளினா விடும், பின்னால தள்ளினா இழுக்கும். பிரேக்கு ஒரு பக்கம் சுத்தும்போதுதான் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது. கனம் கொறஞ்ச சாமான உருளை தானா தாங்கிக்கிடும். மரத்த எங்க தாங்கும்? இத யாரோ முழுக்க அவுத்துத் திருப்பிச் சுத்தியிருக்காவ!"

சுயம்புலிங்கத்துக்குத் தலை கிறுகிறுத்தது. முதலில் வந்தது நிம்மதி: முன்னால்தான் தள்ளியிருக்கிறேன், எனக்குக் கிறுக்கில்லை. அடுத்தாற்போலக் கோபம் வந்தது. கண் நேராக மாமனாரின் குடைக்கு அடியில் போய் நின்றது.

"எவன்லே அது? எனக்க வண்டில கை வச்சவன் எவன்?"

"நான்தான்."

பின்னாலிருந்து வந்தது குரல். வடிவாம்பாள். மத்தியானத்துக்குக் கஞ்சியும் கொள்ளுத் துவையலும் கொண்டுவந்தவள், பானையை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

சுயம்புலிங்கத்தின் வாய் முந்திக்கொண்டது, அதுதான் தப்பாகப் போயிற்று. "நீயா? அப்பாவும் மவளுமாச் சேந்து வண்டிய விக்க வைக்கணும்னு இப்படிச் செய்தியளாட்டி? தாணப்பன் செத்திருந்தா?"

"விக்கணும்னா நான் எதுக்குப் பூசை போடணும்?" என்று கேட்டாள் வடிவாம்பாள். "நீங்க உரல இழுத்தியள்லா, அண்ணைக்கு அந்த உருளை எடப்பக்கமாச் சுத்திச்சு. நல்ல காரியத்துக்கு யாராவது எடஞ்சுத்துவாளா? துட்டி வீட்டுலல்லா பிணத்த எடஞ்சுத்துவோம்! ஒங்க காலுக்கு நேரா, நாள் முழுக்க அது அப்படிச் சுத்துனா எனக்கு எப்படி இருக்கும்? நீங்க நாகருகோயிலுக்குப் போனப்பறம் நானும் தாணப்பன் பெஞ்சாதியும் கம்பிய முழுக்க வெளிய இழுத்தோம். தொடச்சு, துணூறு பூசி, கடப்பாரையப் போட்டு உருளைய வலமாச் சுத்திவிட்டோம். தானா மேலகூடி ஏறிச்சு. ஒங்களுக்கு ஒண்ணும் வரப்பிடாதுன்னுதான் செஞ்சேன்."

சுயம்புலிங்கத்துக்கு முன்பைவிட மோசமாகக் குழம்பியது. அப்போது அந்தத் திருநீற்றுப் பட்டை? அரளிமாலை? எல்லாம் இவளா? லாரியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவளா?

"நீதான் இந்த வண்டில ஒரு நாளுகூட ஏறினதில்லையே" என்றார். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வியா அது? ஆனால் வாயில் வந்தது அதுதான்.

"நீங்க ஒரு நாளாவது ஏறுன்னு சொன்னியளா?"

மாமனார் குடைக்குள் இருமினார். சுயம்புலிங்கம் தரையைப் பார்த்தார். சொன்னதில்லை. வைக்கோலுக்குச் சொல்லியிருக்கிறார், ஓட்டுக்குச் சொல்லியிருக்கிறார், பெண்டாட்டிக்குச் சொன்னதில்லை.

குமாரதாஸ் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். வலம், இடம் கணக்கெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் தன் வேலையைப் பற்றி ஒருவர் தப்பாகச் சொன்னால் பொறுக்க மாட்டார். "அக்கா, நான் சுத்தினது வலமாத்தான் சுத்திச்சு. எனக்க கண்ணால பாத்தேன்."

"எடமாத்தான் சுத்திச்சு. நடைப்படில நின்னு நானும் கண்ணாலதான் பாத்தேன்."

"நான் பைபிள் மேல கை வச்சுச் சொல்லுதேன்."

"நான் கற்பூரம் அணைச்சுச் சொல்லுதேன்."

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. சுயம்புலிங்கம் பைத்தியம் பிடித்தவர்போல லாரியைச் சுற்றி வந்தார். இடப்பக்கம் நின்று விரலைக் காற்றில் சுற்றிப் பார்த்தார். முள்வேலிப் பக்கம் போய் நின்று மறுபடியும் சுற்றிப் பார்த்தார். திரும்ப இந்தப் பக்கம் வந்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். அவள் நடைப்படியில், லாரிக்கு இடப்பக்கம் நின்றிருக்கிறாள். தாசு பட்டறையில் டிரைவர் பக்கம் நின்றிருக்கிறான். ஒரே உருளை, ஒரே சுற்று. அங்கிருந்து பார்த்தால் இடம், இங்கிருந்து பார்த்தால் வலம்.

விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. தூரத்தில் தண்ணீரின் இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது. கம்பியை முழுக்க வெளியே இழுத்துப் போட்டு, உருளையை எதிர்ப்பக்கம் திருப்பிக் கீழே கூடி ஏற்றினார்கள். உருளை சுற்றுவதைப் பூவரசு நிழலிலிருந்து ஊரே பார்த்தது. இப்போது எல்லாருக்கும் விஷயம் தெரியும். தெளிவாக, கொஞ்சமும் சந்தேகமில்லாமல், இடப்பக்கமாகச் சுற்றியது.

"கொக்கி மாட்ட ஆரு எறங்கப் போறியோ?" என்று கேட்டார் குமாரதாஸ். தாணப்பன் மரத்துக்கும் தூணுக்கும் நடுவே மாட்டிய தன் துண்டைப் பார்த்தான். பின்னால் ஒதுங்கிக்கொண்டான். மற்றவர்களும் ஒதுங்கினார்கள்.

சுயம்புலிங்கம் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார். "தாசு, நீ லீவரப் பிடி."

"போவாதிங்கோ" என்றாள் வடிவாம்பாள்.

"நான் போவல்லேன்னா வேற ஆரு போவா?"

இறங்கினார். தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். பிரேக்கு பிடிக்கும் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் இடஞ்சுற்று என்ற சொல்லை மனைவி வாயால் கேட்ட பிறகு, அந்தப் புத்தி எங்கே போய் ஒளிந்துகொண்டதென்று தெரியவில்லை. நாம் மட்டும் என்ன, அந்தச் சேற்றில் நின்றிருந்தால் வேறு மாதிரியா இருந்திருப்போம்? அப்பா இறந்தபோது உடலை இடமாகச் சுற்றி நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் தண்ணீர் மதகுக்கு வந்து இடுப்பளவு ஏறியிருந்தது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கொக்கியைச் சங்கிலியில் மாட்டிவிட்டு, ஆப்பைத் தூக்கிக்கொண்டு, மரத்துக்கும் கல்தூணுக்கும் பக்கத்தில், தாணப்பன் நின்ற அதே இடத்தில் நின்றார். நிமிர்ந்து லாரியைப் பார்த்தார்.

வடிவாம்பாள் கஞ்சிப் பானையைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு நடந்தாள். பம்பருக்கு முன்னால் குறுக்கே போய், லாரியின் வலப்பக்கம், முள்வேலிக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெயிலில் போய் நின்றாள். கம்பியின் தொய்வை எடுக்க மெல்லச் சுழன்ற உருளையைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்:

"எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க! இங்ஙன நின்னு பாத்தா வலமாத்தான் சுத்துது. அங்ஙன ஒருத்தரும் நிக்கப்பிடாது. வாங்கோ!"

முதலில் தாணப்பன் போனான். அவன் பெண்டாட்டி போனாள். பிறகு ஒவ்வொருவராக, நிழலை விட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வேட்டியும் சேலையும் முள்ளில் கிழியக் கிழிய, ஊரே அந்த ஒற்றையடி அகலத்தில் போய் நெருங்கி நின்றது. சாயாக்கடையில் வெள்ளைக்காரனைக் குறை சொன்னவர் வேலிமேல் ஏறி நின்றார்.

இடப்பக்கம் மிஞ்சினது முத்துக்குமாரசாமி ஒருவர்தான். குடையும் அவருமாக, விருந்தன்று இருந்த அதே முகத்தோடு நின்றார். மரம் வராவிட்டால் ஜெயிக்கிறவர் அவர். எங்கே நின்றாலும் உருளை உருளைதான் என்று அவருக்குத் தெரியாதா?

"அப்பா" என்றாள் வடிவாம்பாள். அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை. "அவரு தண்ணிக்குள்ள நிக்காரு."

கிழவர் மருமகனைப் பார்த்தார். மாரளவு தண்ணீரில், ஆப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல் கிட்டித்து நின்ற மனிதனைப் பார்த்தார். குடையை மடக்கினார். வேலிப் பக்கம் போய், மகளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றார்.

லாரியின் இடப்பக்கத்தில் பூவரசு நிழல் மட்டும் கிடந்தது. அதைப் பார்த்ததும் சுயம்புலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னால் நிற்கிறவனுக்கு உருளை வலமும் சுற்றுவதில்லை, இடமும் சுற்றுவதில்லை. கம்பி இறுகுவது மட்டும்தான் தெரியும். அது இறுகியது. குமாரதாஸ் லீவரை முன்னால் தள்ளியிருந்தார். மரம் முனகிற்று, நகர்ந்தது, கல்தூணை உராய்ந்துகொண்டு ஒரு முழம் ஏறியது. கிளட்ச் மிதிபட்டது. மரம் நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. அவர் ஆப்பை அடித்துச் சொருகிவிட்டு, "இழுலே தாசு!" என்று கத்தினார்.

பொழுது சாயும்போது மருதமரம் கரையில் கிடந்தது. மதகு வழியே தண்ணீர் செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு நாற்றங்கால் பக்கம் ஓடியது. முள்ளிலிருந்து துணிகளை விடுவித்துக்கொண்டு ஊர் ஒவ்வொருவராக வெளியே வந்தது. முத்துக்குமாரசாமி வேட்டிக் கிழிசலைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு ஏர் பிடிக்க வேற ஆளு பாக்கணும் போல" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

சுயம்புலிங்கம் சேறு சொட்டச் சொட்ட லாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது. இருந்தாலும் இந்தத் தடவை வாய் உருப்படியாக ஒன்று சொன்னது.

"ஏறுட்டி."

வடிவாம்பாள் அவரையும் திறந்த கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "கஞ்சிப் பானை அங்ஙன இருக்கு. எடுத்துட்டு வாரேன், நில்லுங்கோ" என்றாள்.